ஃப்ளோரிடாவில் வீடு வைத்திருக்கிறீர்களா? அட்ஜஸ்டர் எழுதிய கணக்கைக் கேட்டு வாங்குங்கள்

2024 அக்டோபர் 9 இரவு மில்டன் புயல் சியஸ்டா கீ அருகே கரையைக் கடந்தபோது எங்கள் வீடும் அதன் வழியில்தான் இருந்தது. கூரையில் பின்பக்கத்து ஷிங்கிள்கள் (கூரைமேல் பதிக்கும் தகடுகள்) பிய்ந்து பறந்தன. ஹால் சீலிங் தண்ணீரில் ஊறித் தொங்கிவிட்டது. வீட்டுக் காப்பீட்டுக் கம்பெனியிடம் இழப்பீடு கேட்டுக் கிளெய்ம் போட்டோம். கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிடும் அட்ஜஸ்டர் வந்து கூரை மேல் ஏறி, சாக்பீஸால் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்தார். "பின்பக்கச் சரிவை முழுசா மாற்ற வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது: மொத்தச் சேதம் 8,600 டாலர், உங்கள் ஹரிக்கேன் டிடக்டபிள் 9,000 டாலர், ஆகவே நாங்கள் தர வேண்டியது எதுவும் இல்லை.

அந்த 9,000 பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், பலர் இதைக் கவனிப்பதில்லை. டிடக்டபிள் என்பது சேதத்தில் முதலில் நாமே ஏற்க வேண்டிய தொகை; அதற்கு மேல் போனால்தான் கம்பெனி தரும். ஹரிக்கேனுக்கு, அதாவது பெரும்புயலுக்கு, டிடக்டபிள் தனி. 2 சதவீதம் என்றால் சேதத்தில் 2 சதவீதம் அல்ல, வீட்டுக் கட்டடத்துக்குக் காப்பீடு செய்த தொகையில் 2 சதவீதம். எங்கள் காப்பீட்டுத் தொகை 4.5 லட்சம் டாலர், அதில் 2 சதவீதம்தான் அந்த 9,000. பிரீமியம் குறைகிறதே என்று 10 சதவீதம் எடுத்திருந்தால் முதல் 45,000 டாலர் நம் கைக்காசு. பாலிசியின் முகப்புப் பக்கத்தில் இது டாலராகவே அச்சாகியிருக்கும், இன்றே எடுத்துப் பாருங்கள்.

சரி, டிடக்டபிள் ஒப்புக்கொண்டதுதான். ஆனால் கூரையின் ஒரு பக்கமே போயிருக்கும்போது 8,600 எப்படி வந்தது? அட்ஜஸ்டர் விரிவான மதிப்பீடு தயாரித்தால், 7 நாளுக்குள் அதன் நகலை வீட்டுக்காரருக்குக் கம்பெனி அனுப்ப வேண்டும் என்பது ஃப்ளோரிடா சட்டம். மின்னஞ்சலில் கேட்டோம். ஒரு பக்கச் சுருக்கம் வந்தது. சட்டத்தைச் சுட்டிக்காட்டி மறுபடி கேட்டபோது முழுக் கோப்பும் வந்தது. அதில் இரண்டு தேதிகளில் இரண்டு கணக்குகள். முதலாவது 31,000 டாலருக்கு மேல், கூரை ஏறிப் பார்த்தவர் எழுதியது. இரண்டாவது, எங்கள் வீட்டு வாசலைக்கூட மிதிக்காத ஒருவர் மேசையில் உட்கார்ந்து திருத்தியது. "பின்சரிவு முழுவதும் மாற்றவும்" என்ற வரி "14 ஷிங்கிள்கள் பழுதுபார்க்கவும்" என்று ஆகியிருந்தது. ஊறிப்போன சீலிங் பலகையை மாற்றுவதற்குப் பதில் கறை மேல் பெயின்ட். டிடக்டபிளுக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கும்படி வெட்டியிருக்கிறார்கள் என்றே நான் நம்புகிறேன்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. 2022இல் இயன் புயலுக்குப் பிறகு, தாங்கள் எழுதிய அறிக்கைகளைக் கம்பெனிகள் மாற்றிவிட்டதாக உரிமம் பெற்ற அட்ஜஸ்டர்களே மாநிலச் சட்டமன்றக் குழு முன் சாட்சி சொன்னார்கள். மதிப்பீட்டைக் குறைத்து மாற்றினால் காரணத்தை விளக்க வேண்டும் என்று 2023இல் சட்டம் வந்தது. அந்த விளக்கத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

வழக்குப் போடலாமே என்பீர்கள். முன்பு நாம் ஜெயித்தால் வக்கீல் கட்டணத்தைக் கம்பெனி கட்ட வேண்டும். 2022 டிசம்பர் சிறப்புக் கூட்டத்தில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். வழக்குகள் குவிந்து கம்பெனிகள் திவாலானதைச் சொன்னார்கள், அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கூரை போனவனின் கையில் இருந்த பெரிய ஆயுதம் போய்விட்டது. அதனால்தான் காகிதமும் கெடுவும் இவ்வளவு முக்கியம் என்கிறேன். அதே சட்டப்படி, புயலடித்து ஒரு வருடத்துக்குள் கிளெய்மைத் தெரிவிக்க வேண்டும். விட்டுப்போன சேதத்தைச் சேர்க்க 18 மாதம். கம்பெனி 7 நாளில் கிளெய்மைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், பொதுவாக 60 நாளில் பணம் தரவோ மறுக்கவோ வேண்டும்.

புகாரை எங்கே கொடுப்பது என்பதிலும் பலருக்குக் குழப்பம். கட்டண விகிதத்துக்கு ஒப்புதல் தருவது இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை அலுவலகம். நம் புகார் போக வேண்டிய இடம் மாநில நிதிச் சேவைகள் துறை. அவர்கள் நடத்தும் சமரசப் பேச்சுக்குச் செலவு கம்பெனியுடையது. நாங்கள் இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினோம். பின்சரிவுக்கான பணம் பெரும்பாலும் வந்தது, சீலிங்குக்கு வரவில்லை.

இன்னொன்று. புயல் ஓய்ந்த மறுநாளே கதவைத் தட்டி, "டிடக்டபிளை நாங்க பார்த்துக்கறோம், இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க" என்பவர்களை அப்படியே அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தக்காரர் டிடக்டபிளைத் தள்ளுபடி செய்வது இங்கே குற்றம்.

டிடக்டபிளை மாற்றுவதானால் புயல் பருவம் தொடங்கும் ஜூன் 1க்கு முன்பே ஏஜென்டிடம் பேசுங்கள். புயல் நெருங்கிவிட்டால் எந்தக் கம்பெனியும் பாலிசியில் கை வைக்க விடாது. வெள்ளம் இந்தப் பாலிசியில் சேராது, அதற்குத் தனி பாலிசி வேண்டும். மத்திய அரசின் வெள்ளக் காப்பீடு வாங்கினாலும் வழக்கமாக 30 நாள் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும்.