ஆறு இலக்கமா, எண்ணெழுத்தா? நிறுவனக் கைப்பேசிகளுக்கான பாஸ்கோடு விதிகள்

ஊழியர்களின் கைப்பேசிகளைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் எம்டிஎம் மென்பொருள் வழியாக அவற்றை நிர்வகிப்பவர்கள் பாஸ்கோடு விதி வகுக்கும்போது இரண்டு வழிகளுக்கிடையே தயங்குவதுண்டு. ஆறு இலக்க எண்ணைக் காலக்கெடு இல்லாமல் அனுமதிப்பது ஒன்று. எழுத்தும் எண்ணும் கலந்த குறியீட்டைக் கேட்டு, அதையும் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது மற்றொன்று.

ஐபோனில் ஒவ்வொரு முயற்சியைச் சரிபார்க்கவும் ஏறத்தாழ 80 மில்லி விநாடி ஆகும் என்கிறது ஆப்பிள். தவறான முயற்சிகளுக்கிடையே விதிக்கப்படும் காத்திருப்பையும் முயற்சி வரம்பையும் ஒருவர் எப்படியோ தகர்த்துவிட்டார் என்று கொண்டால், நான்கு இலக்கத்தின் 10,000 சேர்க்கைகளும் கால் மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். ஆறு இலக்கத்தின் 10 லட்சம் சேர்க்கைகள் ஒரு நாளைக்கூடத் தாங்காது. சிற்றெழுத்துகளும் எண்களும் கலந்த ஆறு எழுத்துக் குறியீட்டுக்கோ ஐந்தரை ஆண்டுக்கு மேல் பிடிக்கும். கணக்கில் எண்ணெழுத்தே வெல்கிறது என்றாலும், அந்தத் தகர்ப்புக்குச் சிறப்புக் கருவிகள் வேண்டும். தொலைந்த அல்லது திருடுபோன கைப்பேசியைப் பொறுத்தவரை, 123456 போன்ற எளிய எண்களைத் தடுத்து, 10 தவறான முயற்சிகளுக்குப் பின் தரவை அழிக்கும் விதியையும் சேர்த்துவிட்டால் ஆறு இலக்கமே போதுமானது.

காலக்கெடுவை எந்த வழியிலும் சேர்க்கத் தேவையில்லை என்பது என் கருத்து. அமெரிக்காவின் தர நிர்ணய அரசு நிறுவனமான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியும், கசிந்ததற்கான சான்று இல்லாத நிலையில் கடவுச்சொல்லை அவ்வப்போது மாற்றச் சொல்ல வேண்டாம் என்றே கூறியது. கட்டாயத்துக்காக மாற்றுபவர் பழைய குறியீட்டின் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிவிட்டுப் போய்விடுவார்.

சாதனம் யாருடையது என்பதும் தேர்வைக் குறுக்கிவிடுகிறது. ஊழியரின் சொந்த ஐபோனை, அத்தகைய சாதனங்களுக்கென ஆப்பிள் தரும் பயனர் பதிவு (User Enrollment) முறையில் எம்டிஎம்மில் சேர்த்தால், எளிதல்லாத ஆறு இலக்கத்தைத்தான் கேட்க முடியும். எண்ணெழுத்தைக் கட்டாயமாக்க வழியில்லை. ஆண்ட்ராய்டு 12 முதல் தனிநபர் கைப்பேசிகளுக்குக் குறைவு, நடுத்தரம், உயர்வு என்ற பாஸ்கோடு கடுமை நிலைகளே உள்ளன. உயர்நிலை, வரிசையோ திரும்பலோ இல்லாத எட்டு இலக்கத்தையோ ஆறு எழுத்துகளையோ கேட்கும். ஆண்ட்ராய்டில் அலுவலகச் செயலிகளைப் பிரித்து வைக்கும் பணிப் பகுதிக்கு மட்டும் தனிப்பூட்டு வைக்கலாம் என்பதால், கைப்பேசி முழுவதற்கும் கடும் விதி போட வேண்டியதில்லை.

எனவே எண்ணெழுத்தை, மிக இரகசியமான தரவைச் சுமப்பவர்களின் நிறுவனக் கைப்பேசிகளுக்கு ஒதுக்குவதே தகும். முக அடையாளத்தை அனுமதித்துவிட்டால், மறுதொடக்கத்துக்குப் பின்னும், 48 மணி நேரம் திறக்காமல் விட்ட பின்னும், இன்னும் சில தருணங்களிலும்தான் அவர்கள் அதைத் தட்டச்சிட நேரும். மறந்துவிட்டால் நிர்வாகியே எம்டிஎம் கட்டளையால் பாஸ்கோடை நீக்கலாம். ஆனால் அப்படி நீக்கக் கேட்டு அழைப்பவர் உண்மையில் அந்த ஊழியர்தானா என்று உறுதிசெய்யும் நடைமுறையையும் அதே விதியில் எழுதிவைக்க வேண்டும்.