எச்.என்.டி.க்குப் பிறகு: ஒரு வருட டொப்-அப்பா, நேரே ஏசிசிஏயா?

பிரித்தானியாவில் கணக்கியலில் ஃபவுண்டேஷன் டிகிரியோ எச்.என்.டி.யோ (ஹையர் நேஷனல் டிப்ளோமா) முடித்தவர் கையில் 240 கிரெடிட் இருக்கும். ஹொனர்ஸ் பட்டத்துக்கு 360 வேண்டும். மிச்சம் 120; முழுநேரமாகப் படித்தால் ஒரு வருடம். இந்தக் கடைசி ஆண்டைத்தான் டொப்-அப் என்கிறார்கள். கல்லூரி விளம்பரங்கள் இந்தக் கணக்கோடு நின்றுவிடும். நான் வேலை செய்யும் கணக்காளர் அலுவலகத்தில் பயிற்சிக்கு ஆள் எடுக்கும்போது சி.வி.களை முதலில் பார்ப்பது என் பொறுப்பு. பட்டம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரு நொடி போதும். அடுத்து கண் போவது ஒரே இடத்துக்குத்தான்: கணக்காளர் தொழில்தகைமையான ஏசிசிஏயில் இன்னும் எத்தனை பேப்பர் மிச்சம்? அதனால் கட்டணம், காலம் இரண்டை மட்டும் வைத்து இந்த வழிகளை ஒப்பிட எனக்கு மனமில்லை. எந்த வழி அந்த மிச்சத்தை எவ்வளவு குறைக்கிறது, குறைத்த பிறகு மீதியை எழுதும் தெம்பு ஆளிடம் இருக்கிறதா என்பதுதான் என் அளவுகோல்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தள்ளி வைப்போம். ஃபவுண்டேஷன் இயர் என்பது பட்டத்துக்கு முந்தைய ஆயத்த ஆண்டு, மூன்றாம் நிலை. ஃபவுண்டேஷன் டிகிரி ஐந்தாம் நிலை, எச்.என்.டி.யும் அதே நிலைதான். ஆயத்த ஆண்டை மட்டும் முடித்தவருக்கு டொப்-அப் கிடையாது, முதலாம் ஆண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு வருட டொப்-அப்

இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவருக்கான முழுநேரக் கட்டண உச்சவரம்பு 2025-26 கல்வியாண்டில் 9,535 பவுண். பெரும்பாலானோர் இதைக் கடனில்தான் படிக்கிறார்கள். 2023 ஓகஸ்டிலோ அதற்குப் பிறகோ படிப்பைத் தொடங்கியவர்களுக்கு, வருடச் சம்பளம் 25,000 பவுணைத் தாண்டும் பகுதியில் 9 சதவீதம் பிடிப்பார்கள். 30,000 பவுண் சம்பளக்காரருக்கு வருடம் 450, மாதம் 37.50. நாற்பது வருடத்தில் கட்டி முடியாவிட்டால் மீதி தள்ளுபடி. ஆகவே கட்டணத்தைப் பார்த்து மட்டும் யாரும் பயந்து ஓட வேண்டியதில்லை.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. மூன்று வருடம் ஒரே இடத்தில் படிப்பவரின் வகுப்புத் தரத்தில் இரண்டாம் ஆண்டுப் புள்ளிகளும் பொதுவாகச் சேரும். டொப்-அப் மாணவருக்கு வழக்கமாகக் கடைசி 120 கிரெடிட்டே முழுப் பட்டமும். முதல் வகுப்புக்கு 70, மேல் இரண்டாம் வகுப்புக்கு 60. அந்த 120-இல் ஆய்வுத் திட்டம் மட்டும் 40 கிரெடிட் என்றால், பட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு ஒரே கட்டுரையில் தொங்குகிறது. செப்டம்பரில் வளாகத்துக்கு வந்து, நூலகம் எங்கே என்று தேடிக்கொண்டிருக்கும்போதே மேற்பார்வையாளர் தலைப்பைக் கேட்பார். கணக்குப் போடுவதில் கெட்டிக்காரர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

இன்னொரு சிக்கல் படிப்பின் முறை. எச்.என்.டி. பெரும்பாலும் ஒப்படைகளால் நடப்பது. பாஸ், மெரிட், டிஸ்டிங்ஷன் என்று வரும். முதல் தடவை சரிவராவிட்டால் திருத்திக் கொடுக்கவும் வழி உண்டு. ஆறாம் நிலையான கடைசி ஆண்டில் பல பாடங்களுக்குப் பரீட்சை மண்டபம் காத்திருக்கும். அதோடு விரிவுரையாளர், மற்ற மாணவர்கள் இரண்டாம் ஆண்டில் படித்ததை நீங்களும் படித்திருப்பதாகவே எடுத்துக்கொள்வார்.

தாய்க் கம்பனியையும் துணைக் கம்பனியையும் ஒன்றாகக் காட்டும் குழுமக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்க் கம்பனி துணைக் கம்பனியின் 80 சதவீதப் பங்குகளை 500,000 பவுணுக்கு வாங்குகிறது. அன்றைக்குத் துணைக் கம்பனியின் நிகரச் சொத்துகளின் நியாயப் பெறுமதி 550,000. தனி வியாபாரி கணக்கும் தனிக் கம்பனிக் கணக்கும் மட்டும் செய்து பழகியவர் உடனே 550,000-இன் 80 சதவீதம், அதாவது 440,000-ஐ ஐந்தொகையில் சேர்ப்பார். அது பிழை. கட்டுப்பாடு முழுவதும் தாய்க் கம்பனியிடம் இருப்பதால் சொத்தும் பொறுப்பும் நூறு சதவீதமும் உள்ளே வர வேண்டும். வெளியாருக்குரிய 20 சதவீதம், 110,000, உரிமையாண்மைப் பக்கத்தில் தனி வரியாக நிற்கும். 500,000-உம் 110,000-உம் கூட்டி 550,000-ஐக் கழித்தால் வரும் 60,000 நன்மதிப்பு (குட்வில்). இரண்டாம் ஆண்டை அங்கேயே படித்தவருக்கு இது பழைய பாடம். டொப்-அப்காரர் ஒக்டோபர் முதல் கிழமையில், அடுத்த ஆள் கொப்பியை எட்டிப் பார்த்துக்கொண்டு இதைக் கற்க வேண்டியிருக்கும். கோடையில் இரண்டு மாதம் இதை மட்டும் படித்துவிட்டுப் போனால் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

அடுத்தது விலக்களிப்பு, அதாவது முன்பு படித்ததைக் காட்டி ஏசிசிஏ பேப்பர்கள் சிலவற்றை எழுதாமல் விடுவது. கணக்கியல் பட்டங்களில் ஏசிசிஏயின் முதல் 9 பேப்பருக்கும் விலக்குத் தருபவை உண்டு. டொப்-அப்பில் நுழைந்தவருக்கும் அதே ஒன்பது கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. விலக்குப் பேப்பர் பேப்பராகப் பார்க்கப்படுவது. ஐந்தாம் நிலையை வேறு கல்லூரியில் முடித்தவருக்கு எண்ணிக்கை குறையலாம். சேர்க்கைக் கடிதத்துக்குச் சம்மதம் சொல்லுமுன் பல்கலைக்கழகம், பட்டத்தின் சரியான பெயர், முடிக்கும் ஆண்டு ஆகியவற்றை ஏசிசிஏ தளத்தின் விலக்களிப்புக் கணிப்பானில் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் வந்தவர்களின் சி.வி.கள் எனக்குப் பழக்கம். விலக்குக்கும் பேப்பருக்கு இவ்வளவு என்று கட்டணம் உண்டு, அதையும் கணக்கில் வையுங்கள்.

இரண்டாம் ஆண்டில் நுழைவது

எச்.என்.டி.காரரைப் பல பல்கலைக்கழகங்கள் கடைசி ஆண்டுக்குப் பதிலாக வழமையான கணக்கியல் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் சேர்க்கும். ஒரு வருடம் கூடப் போகும், கடனும் அதற்கேற்பக் கூடும். முதலில் கேட்கும்போது நட்டமாகவே தெரியும். ஆனால் வரி, கணக்காய்வு, நிதி அறிக்கையிடல் மூன்றையும் ஒழுங்காகப் படித்து, அங்கீகரிக்கப்பட்ட பட்டத்தோடு வெளியே வந்தால் மூன்று நான்கு பேப்பர் குறையக்கூடும். வேலை செய்துகொண்டே அந்தப் பேப்பர்களை எழுதுபவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்கும். இருபது இருபத்தொரு வயதில், வீட்டில் பொறுப்பு அதிகம் இல்லாமல் இருப்பவருக்கு டொப்-அப்பைவிட இதையே நான் சிபாரிசு செய்வேன். படிப்புக்கு இடையில் ஒரு வருடம் கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்யும் வாய்ப்பும் இந்த வழியில்தான் அதிகம்.

பகுதிநேரமும் ஓபன் யூனிவர்சிட்டியும்

குடும்பமும் வேலையும் உள்ளவருக்கு டொப்-அப்பை இரண்டு வருடமாக மாலை வகுப்பில் செய்யும் வழி சில இடங்களில் உண்டு. வீட்டிலிருந்து படிக்க ஓபன் யூனிவர்சிட்டி. வருடம் 60 கிரெடிட் என்றால் கிழமைக்கு 16 முதல் 18 மணித்தியாலம் வேண்டும் என்கிறார்கள். கடையில் பத்து மணித்தியாலம் நின்றுவிட்டு வருபவருக்கு இது லேசுப்பட்ட விஷயமல்ல. பழைய கிரெடிட்டுகளைத் தாராளமாக ஏற்பது அவர்களின் ஓபன் பட்டம். கணக்கியல் என்று பெயர் போட்ட பட்டத்துக்குப் பாடங்கள் பொருந்தினால்தான் ஏற்பார்கள். ஓபன் பட்டமும் முழுமையான ஹொனர்ஸ் பட்டம்தான். ஆனால் ஏசிசிஏ விலக்கு வேண்டியவர் உள்ளே என்ன பாடம் எடுக்கிறார் என்பதில் கவனமாக இருக்க வேண்டும்.

பட்டம் வேண்டாம், நேரே ஏசிசிஏ

மொத்தம் 13 பேப்பர்: அடிப்படையில் 3, நடுவில் 6, மேல்நிலையில் 4. மேல்நிலை நான்குக்கு யாருக்கும் விலக்கு இல்லை. மேல்நிலைப் பேப்பர்களுக்கும் நடுவில் பெரும்பாலானவற்றுக்கும் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் என வருடத்துக்கு நான்கு தடவை பரீட்சை. இதற்கு வெளியே 36 மாத வேலை அனுபவம் காட்ட வேண்டும். எச்.என்.டி.க்குப் பாட அலகுகளைப் பொறுத்துத் தொடக்கப் பேப்பர்களில் சில குறையும். கணக்குப் பதிவு வேலைக்கான ஏஏடி தகைமையில் நான்காம் நிலை முடித்தவருக்கு முதல் மூன்றும் போய்விடும்.

ஊர்ச்சங்க ஒன்றுகூடலில் யாராவது ஒரு அண்ணை இன்னமும் சொல்வார்: “ஏசிசிஏ செய்யடா தம்பி, டிகிரி தன்பாட்டில வரும்.” அவர் காலத்தில் அது உண்மை. முதல் 9 பேப்பரை முடித்து 7,500 சொல்லில் ஆய்வறிக்கை ஒன்று எழுதினால் ஒக்ஸ்போர்ட் புரூக்ஸ் பல்கலைக்கழகம் ஹொனர்ஸ் பட்டம் கொடுத்தது. பல தமிழ்க் கணக்காளர்களின் பட்டம் அப்படி வந்ததுதான். அந்தத் திட்டத்தை 2026-உடன் மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். புதிதாகத் தொடங்குபவர் அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. ஏசிசிஏயோடு இணைத்து லண்டன் பல்கலைக்கழகம் ஒரு எம்.எஸ்சி. நடத்தி வந்திருக்கிறது, அதற்கு மேல்நிலைப் பேப்பர்கள் வரை ஏற வேண்டும்; இப்போதும் சேர்க்கை உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியின் பெரிய பலம் சம்பளம். படிக்கும் வருடமே அனுபவ வருடமாகவும் எண்ணப்படும். டொப்-அப்காரர் வளாகத்தில் இருக்கும் பன்னிரண்டு மாதத்தில் இவர் 36-இல் பன்னிரண்டைக் கழித்திருப்பார். பலவீனம் தேர்ச்சி. நடுக்கட்டத்து எஃப்.ஆர். (நிதி அறிக்கையிடல்) பேப்பரில் எழுதுவோரில் ஏறத்தாழப் பாதிப் பேரும், பி.எம். (பெர்ஃபோர்மன்ஸ் மனேஜ்மென்ட்) பேப்பரில் அதற்கும் குறைவானவர்களும் தேறுகிறார்கள். மூன்று தடவை பி.எம். எழுதிவிட்டு விட்டுப்போனவர் கையில் பட்டமும் இல்லை, ஏசிசிஏயும் இல்லை. டொப்-அப்பில் அப்படி அந்தரத்தில் நிற்கும் நிலை அரிது.

அதே நேரம் ஒன்பது விலக்கோடு வந்து நேரே மேல்நிலை நிதி அறிக்கையிடல் பேப்பரான எஸ்.பி.ஆர். எழுத உட்கார்பவரின் பாடும் எனக்குத் தெரியும். எஃப்.ஆர். பேப்பரைப் பரீட்சையாக ஒருபோதும் எழுதாதவர், அதற்கு மேலுள்ள பேப்பரில் குழுமக் கணக்கோடு வெளிநாட்டு நாணய மாற்றையும் சேர்த்துச் சமாளிக்க வேண்டும். குழுமக் கணக்கு கைவராதவர், எஃப்.ஆருக்கு விலக்கு வந்தாலும் அதை மறுத்துவிட்டு அந்தப் பேப்பரை எழுதலாம். ஏசிசிஏ அதை அனுமதிக்கிறது.

ஏசிசிஏ அல்லாமல் சாட்டர்ட் கணக்காளர் தகைமையான ஏசிஏ வேண்டுமென்றால் கதை வேறு. அங்கே அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் பயிற்சி ஒப்பந்தமும் 450 நாள் வேலையும் வேண்டும். பெரிய நிறுவனங்கள் பட்டதாரிகளைத்தான் கூட்டமாக எடுக்கின்றன. அதனால் டொப்-அப்புக்கு இங்கே மதிப்பு. அரசு உதவியோடு இருந்த ஏழாம் நிலைப் பயிலுநர் (அப்ரென்டிஸ்ஷிப்) வழியோ 2026 ஜனவரியிலிருந்து இங்கிலாந்தில் 16 முதல் 21 வயதுக்குள் தொடங்குவோருக்கே என்று பொதுவாகச் சுருங்கிவிட்டது. எச்.என்.டி. முடித்த முப்பது வயதுக்காரர் அதை மறந்துவிடலாம்.

தெரிந்த பத்துக் கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைக்கப் போகிறேன் என்பவருக்கு ஹொனர்ஸ் பட்டம் அவசியமில்லை. பிரித்தானியாவில் கணக்காளர் என்று யாரும் பெயர்ப்பலகை போடலாம். சட்டம் கேட்பது பணச்சலவைத் தடுப்புக் கண்காணிப்பில் பதிவு. ஏஏடி முடித்து அதன் உரிமத்தோடு தொடங்குவது மலிவும் விரைவும்.

ஊரிலிருந்து பட்டத்தோடு வந்தவர்கள்

யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ பி.கொம். முடித்துவிட்டு, இங்கே வந்து அதைச் சொல்லாமல் எச்.என்.டி. படித்து டொப்-அப் வாசலில் நிற்பவர்கள் கொஞ்சமல்ல. வெளிநாட்டுப் பட்டம் என்பதால் கணக்கில் வராது என்று நினைக்கிறார்கள். வரும். ஏற்கெனவே ஹொனர்ஸ் நிலைப் பட்டம் உள்ளவருக்கு அதே நிலைப் படிப்புக்குக் கட்டணக் கடன் பொதுவாக இல்லை, மறைத்தால் பின்னால் சிக்கல். இவர்கள் பழைய பட்டத்தை, வெளிநாட்டுத் தகைமைகளை ஒப்பிடும் யூகே எனிக் மூலம் மதிப்பிட்டு, அதை வைத்தே ஏசிசிஏ விலக்குக் கேட்பது நல்லது. டொப்-அப்பே தேவைப்படாமல் போகலாம்.

கொழும்பில் எச்.என்.டி. முடித்து மாணவர் விசாவில் கடைசி ஆண்டுக்கு வர யோசிப்பவருக்கு மேலே சொன்ன கட்டண உச்சவரம்பும் கடனும் பொருந்தாது. பல்கலைக்கழகம் கேட்கும் வெளிநாட்டுக் கட்டணம் கையிலிருந்து. இந்த நிலைப் படிப்புக்குக் கணவன், மனைவி, பிள்ளைகளைக் கூட்டி வரவும் பொதுவாக முடியாது. படிப்பு முடிந்தபின் கிடைக்கும் கிராஜுவேட் விசா, 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்போருக்கு 18 மாதம். ஏசிசிஏ கேட்கும் 36 மாத அனுபவத்தில் பாதிதான் அதற்குள் அடங்கும். மீதிக்கு விசா தரும் முதலாளி வேண்டும்; இல்லையென்றால் கொழும்புக்குத் திரும்பி அங்கே செய்யலாம், எந்த நாட்டு அனுபவத்தையும் ஏசிசிஏ ஏற்கும். அப்படித் திரும்பும் எண்ணம் இருப்பவர், கொழும்பிலேயே வேலை பார்த்துக்கொண்டு ஏசிசிஏ எழுதினால் என்ன செலவாகும் என்று விமானச் சீட்டு எடுக்குமுன் ஒருதரம் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.