போன வருஷ நோட்டீஸ் திறக்குமா? இன்டிசைனும் ஸ்க்ரைபஸும்

நெல்லைப் பக்கம் அச்சகம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும், கோயில் கொடை நோட்டீஸ் என்பது புது வேலையே இல்லை. போன வருஷக் கோப்பைத் திறந்து, தேதியை மாற்றி, வில்லிசைக் குழுவின் பெயரை மாற்றி, வரிதாரர் பட்டியலில் காலமானவர் பெயரை எடுத்து மகன் பெயரைப் போட்டால் முடிந்தது. "எல்லாம் அப்படியே இருக்கட்டும் அண்ணாச்சி, தேதிய மட்டும் மாத்துங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். திரும்பி வரும்போது புரூஃப் மேசையில் இருக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி சந்திப்புப் பக்கம் ஏறி வந்தபோது என் கடையில் இடுப்பளவு தண்ணீர். இரண்டு கம்ப்யூட்டர் போயிற்று. பரண்மேல் இருந்த ஹார்டுடிஸ்க் தப்பியது. பதினைந்து வருஷக் கோப்புகள் அதில் பத்திரமாக இருந்தன, அதனால் பிழைத்தோம் என்றுதான் நினைத்தேன். போனது கட்டைவிரல் அளவு டாங்கிள் ஒன்று. நான் பயன்படுத்திய தமிழ் ஃபாண்ட் தொகுப்பு அதைச் சொருகியிருந்தால்தான் வேலை செய்யும். விற்ற நிறுவனத்தின் தொலைபேசி எண் உபயோகத்திலேயே இல்லை.

பங்குனி உத்திரத்துக்கு முன்னால் ஒரு சாஸ்தா கோயில்காரர்கள் வந்தார்கள். கோப்பு திறந்தது. உள்ளே தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டிக் கிடந்தது. பழைய ஃபாண்டுகள் தமிழ் எழுத்தை ஆங்கில எழுத்தின் இருக்கையில் உட்கார வைத்தவை. ஃபாண்ட் எழுந்து போனால் இருக்கை மட்டும்தான் மிஞ்சும். பாமினி மாதிரி பரவலானவற்றுக்கு இலவச மாற்றிகள் உண்டு. என்னுடையது அந்த நிறுவனத்தின் சொந்த முறை. எந்த மாற்றியும் சீந்தவில்லை. கடைசியில் கோயில் சுவரில் ஒட்டியிருந்த போன வருஷ நோட்டீஸைப் போட்டோ எடுத்து, நூற்று நாற்பது பெயர்களையும் உட்கார்ந்து தட்டினேன். ஒரு குடும்பத்தின் பெயர் விட்டுப்போயிற்று. வரி கொடுத்தவர் பெயர் நோட்டீஸில் இல்லையென்றால் என்ன நடக்கும் என்று ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஐந்நூறு நோட்டீஸையும் என் செலவில் மறுபடி அடித்தேன்.

புது கம்ப்யூட்டர் வாங்கியபோது அந்த ஐந்நூறும் என் தலைக்குள்தான் இருந்தது.

நோட்டீஸ், புத்தகம் எல்லாவற்றுக்கும் பக்கம் வடிவமைக்க என் முன்னால் இருந்த மென்பொருள்கள் இரண்டு: அடோபி நிறுவனத்தின் இன்டிசைன், ஸ்க்ரைபஸ். படம் வரையும் மென்பொருளான கோரல் எல்லோரிடமும் இருக்கிறது, அதைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா காலத்துப் பேஜ்மேக்கரை இன்னும் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதன் கடைசிப் பெரிய பதிப்பு 2001இல் வந்தது. அதன் கோப்பை நேராகத் திறக்கும் இன்டிசைனும் சிஎஸ்6 என்ற பழைய பதிப்பு வரைதான்.

விலை விஷயம் சுருக்கமானது. ஸ்க்ரைபஸ் இலவசம், திறந்த மென்பொருள், அதாவது அதன் நிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம். இன்டிசைன் சந்தா. 2013 மே மாதம் அடோபி இனிப் புதுப் பதிப்பெல்லாம் சந்தாவில் மட்டுமே என்று அறிவித்தது. விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய கடைசி வரிசை 2012இன் சிஎஸ்6. தொகையைவிட எனக்கு உறுத்தியது அதன் மாதக் கணக்கு. நம் தொழிலுக்கு ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணப் பத்திரிகை கிடையாது, சந்தாவுக்கு ஆடி மார்கழி தெரியாது. ஆண்டு ஒப்பந்தத்தில் மாதாமாதம் கட்டுகிறவர் நடுவில் விலகினால் ஒரு தொகை கட்ட வேண்டும். அதை வாடிக்கையாளருக்குச் சரியாகக் காட்டவில்லை என்று 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபிமீது வழக்கே போட்டது.

வேலைத் தரத்தில் இன்டிசைன்தான் முன்னால். அதில் மறைக்க ஒன்றுமில்லை. அது ஒரு பத்தி முழுவதையும் பார்த்து எங்கே வரியை முறிக்கலாம் என்று முடிவு செய்கிறது. ஸ்க்ரைபஸ் வரிவரியாகப் போகிறது. தமிழில் சொற்கள் நீளம், நோட்டீஸின் பத்தியோ குறுகல். ஸ்க்ரைபஸில் நடுநடுவே ஓட்டை விழும், கையால் சரிசெய்ய வேண்டும். அட்டவணை போடுவதிலும் அது இன்னும் தடுமாறுகிறது. அடிக்குறிப்பு நிறைந்த தடித்த புத்தகம் நான் அதில் செய்து பார்த்ததில்லை, அதனால் புத்தக வேலை மட்டும் செய்கிறவருக்கு என் பேச்சு அவ்வளவு உதவாது.

தமிழ் இரண்டிலும் வருகிறது. இன்டிசைனில் எழுத்தைக் கோத்து வரியாக்கும் கம்போசர்களில் உலக மொழிகளுக்கானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம். ஸ்க்ரைபஸின் பழைய 1.4 வரிசையில் தமிழ் உடைந்தே வரும். அதை முயன்று பார்த்து வெறுத்துப் போனவர்கள் 1.6ஐ ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பழைய கோப்பு.

ஒரு கோப்புக்கு இரண்டு பூட்டு உண்டு என்பதை வெள்ளத்துக்கு அப்புறம்தான் புரிந்துகொண்டேன். முதல் பூட்டு எழுத்து. இதற்குச் சாவி யுனிகோட், ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் சொந்த இருக்கை கொடுக்கும் உலகப் பொது முறை. 1991இலேயே அதில் தமிழ் இருக்கிறது. தமிழக அரசும் 2010இல் யுனிகோடையும் டேஸ்16 என்ற இன்னொரு தமிழ் எழுத்து முறையையும் தரமாக அறிவித்தது. நாம்தான் அச்சு வேலைக்கு ஒத்து வராது என்று தள்ளிப்போட்டோம். இன்டிசைன் எடுத்தாலும் ஸ்க்ரைபஸ் எடுத்தாலும் யுனிகோடில் தட்டினால் இந்தப் பூட்டு திறந்துவிடும். டாங்கிளோடு போன என் பெயர்களுக்கு இது ஒன்று மட்டும் இருந்திருந்தாலே போதும்.

இரண்டாவது பூட்டு மென்பொருள். இன்டிசைனின் கோப்பு இன்டிசைனுக்குத்தான் புரியும். சந்தா நின்றால் கோப்பு நம் டிஸ்க்கில் இருக்கும், திறக்கும் கை இருக்காது. ஐடிஎம்எல் என்ற வடிவத்திலும் சேமித்து வைத்தால் ஸ்க்ரைபஸே அதைத் திறக்கும், ஆனால் அவசரத்தில் யார் செய்கிறார்கள்? சந்தா சரியாகக் கட்டினாலும் கீழே தரை நகரும். 2022 நவம்பர் வாக்கில், அச்சு நிறங்களுக்கு எண் கொடுத்து அடையாளம் காட்டும் பான்டோன் நிறுவனத்தின் நிறத் தொகுப்புகள் பெரும்பாலும் அடோபி மென்பொருள்களிலிருந்து போயின, வேண்டுமானால் பான்டோனுக்குத் தனிச் சந்தா. ஃபோட்டோஷாப்பில் பழைய கோப்பைத் திறந்தவர்கள் அந்த நிறங்கள் இருந்த இடத்தில் கறுப்பைப் பார்த்தார்கள். 2023 ஜனவரியோடு டைப்1 என்ற பழைய வகை ஃபாண்டுகளுக்கும் அடோபியின் ஆதரவு நின்றது. இந்தக் கோப்புகளில் யாரும் கை வைக்கவில்லை. சுற்றியிருந்தவைதான் மாறின.

ஸ்க்ரைபஸ் கோப்பை ஒருநாள் சும்மா நோட்பேடில் திறந்து பார்த்தேன். குறியீடுகளுக்கு நடுவே வரிதாரர் பெயர்கள் தமிழிலேயே வரிசையாக இருந்தன. ஸ்க்ரைபஸ் நாளைக்கே இல்லாமல் போனாலும் அந்த நூற்று நாற்பது பெயரை நான் நகலெடுத்துக்கொள்ளலாம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

சென்னையில் சர்வர் வேலை பார்க்கும் அக்கா மகன் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "மாமா, திறந்த மென்பொருள்னு ரொம்ப நம்பாதீங்க" என்று ஆரம்பித்தான். ஹாஷிகார்ப் நிறுவனம் 2023 ஆகஸ்டில் டெராஃபார்ம் என்ற தன் திறந்த சர்வர் மென்பொருளின் உரிமத்தை இறுக்கியது, ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் நிறுவனம் 2024 மார்ச்சில் அதையே செய்தது. விலை கொடுத்து வாங்குவதும் பாதுகாப்பில்லை, பிராட்காம் கம்பெனி கைக்குப் போன விஎம்வேர் என்ற சர்வர் மென்பொருள் நிறுவனம் 2023 டிசம்பரில் நிரந்தர உரிமம் விற்பதையே நிறுத்திவிட்டது என்றான். அவன் சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் மேலே கேட்டபோது அவனே சொன்னான்: ஏற்கெனவே திறந்துவிட்ட பதிப்பைத் திரும்பப் பூட்ட முடியாது. அந்தப் பழைய பதிப்பை எடுத்து வேறு ஆட்கள் புதுப் பெயரில் தொடரலாம். டெராஃபார்மிலிருந்து ஓப்பன்டோஃபு பிரிந்தது, ரெடிஸிலிருந்து வால்கி பிரிந்தது, 2010இல் ஓப்பன் ஆபிஸிலிருந்து லிப்ரே ஆபிஸ் பிரிந்த மாதிரி. பங்காளி தகராறில் வீட்டைப் பிரித்தாலும் கிணறு பொதுவில் இருப்பதுபோல.

ஸ்க்ரைபஸுக்கு வேறு நோய். அதை இழுத்து மூட ஒரு கம்பெனி முதலாளி இல்லை, விரட்டி வேலை வாங்கவும் ஆள் இல்லை. நிலையான 1.4 வந்தது 2012 ஜனவரியில், 1.6 வந்தது 2024 ஜனவரியில். பன்னிரண்டு வருஷம்! ஏதாவது கோளாறு என்றால் கூப்பிட்டுத் திட்ட ஒரு எண் கிடையாது. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை, திட்டுவதற்கென்று வைத்திருந்த எண் என்ன ஆயிற்று என்றுதான் பார்த்தேனே.

சிவகாசிக்கு மல்டிகலர் வேலை அனுப்புவதில் இதுவரை சிக்கல் இல்லை. பிளேட் போடுகிறவர் பிடிஎஃப்தான் கேட்கிறார், எதில் செய்தது என்று கேட்பதில்லை. நான் அனுப்பியதெல்லாம் நோட்டீஸும் சுவரொட்டியும்தான், நுணுக்கமான நிற வேலை உள்ள கேட்லாக் இல்லை.

கல்யாணப் பத்திரிகையில்தான் தோற்றேன். பெண் வீட்டார் வளைந்து நெளிந்த எழுத்துதான் கேட்கிறார்கள். நோட்டோ, காவிவனார், மீரா இனிமை எல்லாம் திறந்த உரிமத்தில் நன்றாகவே கிடைக்கின்றன, ஆனால் பத்திரிகை ஆல்பத்தைப் புரட்டிப் பழகிய கண்ணுக்கு அவை போதவில்லை. அதற்காகப் பழைய கோரல் கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் இருக்கிறது. பத்திரிகையை யாரும் அடுத்த வருஷம் தேதி மாற்றி அடிக்கக் கேட்பதில்லை, அதனால் பரவாயில்லை.

அந்த சாஸ்தா கோயில் நோட்டீஸ் இப்போது ஸ்க்ரைபஸில் இருக்கிறது. புரூஃப் எடுத்ததும் டீக்கடைக்கு ஆள் போகிறது, அந்த விட்டுப்போன வீட்டுக்காரர் வந்து முதலில் தன் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் படிக்கிறார்.