சோளகக் காற்றும் இசட் மவுண்ட்டும்

கிளிநொச்சியில் கல்யாணம், சாமத்திய வீடு என்று படம் எடுப்பவன் நான். நிக்கோன் இசட் மவுண்ட் கமராவுக்கு மாறி ஐந்து வருடமாகிறது. மவுண்ட் என்றால் கமராவில் லென்ஸ் பூட்டும் வாய். பெட்டி நிறையக் கிடந்த பழைய எஃப் மவுண்ட் லென்ஸ்களை நம்பித்தான் மாறினேன்.

1959இல் வந்த எஃப் மவுண்டில், லென்ஸ் பூட்டும் வாய்க்கும் படம் விழும் தளத்துக்கும் இடையே 46.5 மில்லிமீற்றர். 2018இல் வந்த இசட்டில் நடுவே மிரர் (பிரதிபலிக்கும் கண்ணாடி) இல்லாததால் அது 16 தான். மிச்ச இடத்தை நிக்கோனின் எஃப்டிஇசட் அடப்டர், அதாவது இடையில் பூட்டும் வளையம், நிரப்பிவிடும். சோனி ஈ மவுண்ட் 18 மில்லிமீற்றர். அதனால் 2 மில்லிமீற்றர் வளையம் ஒன்றைப் போட்டு நண்பனின் சோனி லென்ஸையும் பூட்டலாம், ஓட்டோபோகஸோடு.

இசட் மவுண்டின் வாய் அகலம் 55 மில்லிமீற்றர். 50 மில்லிமீற்றர் எஃப்1.8 எஸ் லென்ஸை முழுதாகத் திறந்தாலும் ஓரம் குழையாது. குடும்பப் படத்தில் கடைசியில் நிற்கும் சித்தப்பாவின் முகமும் தெளிவாக வர வேண்டும் அல்லவா, அதற்காகவே இதை விடமாட்டேன்.

ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்: எஃப்டிஇசட் அடப்டரில் போகஸ் மோட்டார் கிடையாது. தனக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்களைக் கையால்தான் திருக வேண்டும். வற்றாப்பளைப் பொங்கல் இரவில் அப்படித்தான் எடுத்தேன். கற்பூர வெளிச்சத்தில் ஒரு அம்மாவின் இமையோரம் திரையில் போகஸ் சரியென்று காட்டும் சிவப்புக் கோடு மின்னியதும் அமுக்கினேன். வீட்டுச் சுவரில் இருப்பது அந்தப் படம்தான்.

சரி, தொல்லைக்கு வருவோம். அதுவும் அந்த 16 மில்லிமீற்றரால்தான். மிரர்லெஸ் கமரா பலவற்றில் லென்ஸைக் கழற்றினால் படம் விழும் சென்சர் வெளியே தெரியும். ஒரு ஆவணி மாதம் இரணைமடுவுக்குப் போகும் கிரவல் வீதியில், பனை நிழலில் நின்று லென்ஸ் மாற்றினேன். சோளகம் சுழற்றி அடித்தது, தூசி சென்சரில் ஒட்டிக்கொண்டது. லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து எஃப்2.8இல் எடுத்த படங்களில் ஒன்றும் தெரியவில்லை. துவாரத்தைச் சுருக்கி எஃப்11இல் எடுத்த குளத்துப் படங்களில் வானம் முழுக்கச் சாம்பல் புள்ளிகள். ஒவ்வொன்றாக அழிக்க இரண்டு இரவு போனது.

இப்போது மாற்றுவதென்றால் வாகனத்துக்குள், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, கமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்துத்தான். அடுத்த லென்ஸின் பின்மூடியை முதலே தளர்த்தி மடியில் வைத்திருப்பேன். சோளகம் வீசும் மாதங்களில் அதுவும் இல்லை. 24-120 சூம் லென்ஸைப் பூட்டினால் வீடு வரும்வரை கழற்றுவதில்லை.