குவில்ட் அறை: முதல் காசு வெட்டும் மேசைக்கு

குவில்ட் (துணித்துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் அடுக்குப் போர்வை) தைக்க வீட்டில் ஓர் அறை ஒதுக்கியதுமே பலருடைய கண் போவது மெஷின் மேல்தான். ஆனால் துண்டுகளின் மூலைகள் ஒன்றோடொன்று சேராவிட்டால், தப்பு பெரும்பாலும் அதற்கு முன்பே வெட்டும் மேசையில் நடந்திருக்கும். 16 துண்டு கொண்ட வரிசையில் 15 தையல். ஒவ்வொரு தையலிலும் 1/16 அங்குலம், அதாவது பழைய கணக்கில் ஒரு வீசம், கூடுதலாகப் போனால் வரிசை முடிவில் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் குறையும். அதனால் இங்கே வெட்டுகிற, தேய்க்கிற சாமான்களைத்தான் முதலில் பார்க்கிறோம்.

கட்டிங் மேட், அதாவது வெட்டும்போது துணிக்கு அடியில் போடும் விரிப்பு, வாங்குவதானால் 24க்கு 36 அங்குலம். 44 அங்குல அகலத் துணியை இரண்டாக மடித்தால் 22 வரும். 24 அங்குலப் பக்கத்தில் அது அடங்கி, மீதித் துணி மேட் மேலேயே கிடக்கும். சிறிய மேட்டில் மீதித் துணி மேசையிலிருந்து தொங்கும், அந்த எடை மடிப்பைக் கோணலாக இழுத்துவிடும். வெட்டுத்தடம் தானே மூடிக்கொள்ளும் என்று சொல்லி விற்கிறார்கள். ரோட்டரி கட்டரின் (வட்டப் பிளேடு உருண்டு வெட்டும் கத்தி) மெல்லிய பிளேடுக்கு அது உண்மை. பேப்பர் கத்தியால் அழுத்திக் கீறினால் தடம் அப்படியே நிற்கும். ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப வெட்டினாலும் பள்ளம் விழும், ஆகவே மேட்டை அவ்வப்போது திருப்பிப் போட வேண்டும். பெரிய எதிரி சூடு. வெயில் படும் ஜன்னலோரம், சூடான தேநீர்க் கோப்பை, இஸ்திரிப் பெட்டி எதுவும் ஆகாது. ஒருமுறை வளைந்த மேட் பழையபடி சமதளமாவது அரிது. சுவரில் சாய்த்து வைத்தாலும் நாளடைவில் வளையும். படுக்க வையுங்கள், அல்லது தொங்கவிடுங்கள்.

ரோட்டரி கட்டரை 1979-ல் கொண்டுவந்தது ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம். இன்று பல கம்பெனிகள் செய்கின்றன. 45 மி.மீ. பிளேடு போதும், வேறு யோசனை வேண்டாம். வளைவுகளுக்கு 28, பல அடுக்குத் துணிக்கு 60; இரண்டையும் தேவை வந்தபின் வாங்கலாம். கட்டரில் என்ன கோளாறு என்பதை வெட்டிய துணியே சொல்லிவிடும். 45 மி.மீ. பிளேடின் சுற்றளவு சுமார் 14 செ.மீ., அதாவது ஐந்தரை அங்குலம். சரியாக அந்த இடைவெளியில் இரண்டொரு இழை வெட்டுப்படாமல் நின்றால், குண்டூசி மேல் ஏறி பிளேடில் ஓரிடத்தில் பல் விழுந்திருக்கிறது. வழியெல்லாம் இழை நின்றால் பிளேடு மழுங்கிவிட்டது, அல்லது மேட்டின் பள்ளத்தில் ஓடுகிறது. பிளேடு சுழல மறுத்தால் நட்டு அதிக இறுக்கம், அல்லது உள்ளே பஞ்சு சேர்ந்திருக்கிறது. கழற்றித் துடைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். பிளேடு தானாக உள்ளே போகும் வகையென்றாலும், கீழே வைக்கும்போதெல்லாம் பூட்டிவிட வேண்டும். இதில் சமரசம் கிடையாது.

ரூலர்: 6க்கு 24 அங்குல அக்ரிலிக். அளவை ரூலரில் எடுங்கள், மேட்டில் அச்சிட்ட கட்டங்களில் எடுக்காதீர்கள். இரண்டையும் கலந்தால் துண்டுகள் அளவு மாறும். ஒரு குவில்ட்டை ஒரே ரூலரில் முடிப்பது நல்லது, ஏனெனில் வெவ்வேறு ரூலர்களின் கோட்டுத் தடிமன் வெவ்வேறாக இருக்கும். நீளமாக வெட்டும்போது ரூலர் நழுவுவது வழக்கமான புகார். அடியில் ஒட்டும் ஒளி ஊடுருவும் பிடிப்புத் தாள் நன்றாக வேலை செய்கிறது. தடித்த உப்புத்தாள் பொட்டுகள் ரூலரைத் தூக்கிவிடுவதால் அவற்றுக்கு எங்கள் ஓட்டு இல்லை. வெட்டிய பட்டை நடுவில் முழங்கை போல வளைந்தால் ரூலரைக் குறை சொல்லிப் பயனில்லை: மடிப்புக்குச் செங்குத்தாக முதல் ஓரத்தை நேராக்கவில்லை. மூன்று நான்கு பட்டைக்கு ஒருமுறை ஓரத்தை மறுபடி நேராக்க வேண்டும்.

அரை அங்குலக் கம்பளி இஸ்திரி மேட் பற்றிப் பேச்சு அதிகம். சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் தையல் மேலும் கீழும் அமுங்கித் தட்டையாகிறது, துணியும் நகர்வதில்லை. அதுவரை உண்மை. ஆனால் நீராவி அதன் வழியே கீழே இறங்கும். மர மேசை மேல் நேரே வைத்தால் பாலிஷ் வெளுக்கும். ஈரமானால் ஆட்டு வாடை. மெஷின் அருகே வைக்க 14 அங்குலச் சதுரம் போதும். முழுத் துணி தேய்க்க வழக்கமான இஸ்திரி மேசையே வசதி. எதன் மேல் தேய்த்தாலும் பெட்டியை இழுக்காமல் வைத்து எடுங்கள். மூலைவாட்டில் சாய்வாக வெட்டிய ஓரம் இழுபட்டால் திரும்பாது.

மெஷினுக்கு வந்தால், மேசைப் பலகையும் மெஷின் தளமும் ஒரே மட்டத்தில் இருப்பதே முதல் தேவை. குவில்ட்டின் எடை கீழே தொங்கினால் எந்த விலையுயர்ந்த மெஷினிலும் தையல் நீளம் ஒழுங்காக வராது. உட்கார்ந்து தைக்க 28 முதல் 30 அங்குல உயரம், நின்று வெட்ட ஏறத்தாழ 36. ஒரே மேசையை இரண்டுக்கும் வைத்தால் முதுகு வலிக்கும். கால் அங்குல ஃபுட் (ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டுத் தைக்க உதவும் அழுத்துப் பாதம்) வாங்கியதும் சோதித்துவிடுங்கள்: ஒன்றரை அங்குலப் பட்டை மூன்றைச் சேர்த்துத் தைத்துத் தேய்த்தால், நடுப்பட்டை சரியாக ஓர் அங்குலமும் மொத்தம் மூன்றரையும் வர வேண்டும். குறைந்தால் ஊசியை ஒரு நூலிழைத் தடிமன் அளவு வலப்பக்கம் நகர்த்துங்கள். மடிப்பு தின்னும் இடத்துக்கு அது ஈடு.

அலமாரி, டப்பா விஷயத்தில் கடைக்காரர் சொல்வதெல்லாம் தேவையில்லை. துணியை 6 அங்குல ரூலரில் சுற்றி மடித்தால் எல்லாம் ஒரே அளவில் நிற்கும். வெயில் படாமலும், வெறும் மரப்பலகையைத் தொடாமலும் வையுங்கள், இல்லாவிட்டால் மடிப்போரம் மஞ்சளாகும். கழற்றிய பிளேடுகளுக்கு மூடியுள்ள ஒரு தகர டப்பா போதும், வெளியே எழுதி ஒட்டிவிட்டால் குப்பையில் கை வைப்பவருக்கும் ஆபத்தில்லை.