கியர் பாக்ஸைத் திறக்காமலே ‘ஓவர்ஹால்’ பில்: பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சேலத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள், அதிலும் ஏற்காட்டுக்கு அடிக்கடி ஏறி இறங்குபவர்கள், தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். கியர் பாக்ஸைப் பிரித்து வேலை பார்த்ததாகச் சொல்லி ஒரு பட்டறையில் என்னிடம் 18,500 ரூபாய் வாங்கினார்கள். கியர் பாக்ஸ் உறையின் ஒரு போல்ட்டைக்கூட அவர்கள் கழற்றவில்லை. பணம் போனது ஒரு பக்கம். அந்தக் காரை மலைப்பாதைக்குத் தகுதியானது என்று சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்தார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கார் 2002 மாடல் மாருதி ஜென், அப்பா வாங்கியது. எஞ்சினில் குறை எதுவும் இல்லை. மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கும்போது மட்டும் ‘கரக்’ என்று பல் உரசும். மற்ற கியர்கள் சுத்தமாக விழுந்தன. எல்லாக் கியரிலும், ரிவர்ஸிலும் உரசினால் கிளட்ச் சரியாக விடுபடவில்லை என்று சந்தேகிக்கலாம். முதலில் கிளட்ச் கேபிளைச் சரிபார்த்தால் போதும். ஒரே ஒரு கியரில் மட்டும் உரசினால் பெரும்பாலும் அந்தக் கியரின் சிங்க்ரோ ரிங் தேய்ந்திருக்கும்; பற்கள் உரசாமல் சேர, கியரின் கூம்பைப் பிடித்து வேகத்தைச் சமமாக்கும் பித்தளை வளையம் அது. பட்டறைக்காரரும் அதையே சொன்னார். “சார், ரிங் போய்விட்டது. பெட்டியை இறக்கித்தான் ஆக வேண்டும். கையோடு பேரிங், ஆயில் சீல் எல்லாம் மாற்றிவிடலாம்.” நோயைச் சரியாகச் சொன்னவர் மருந்தையும் சரியாகத்தான் கொடுப்பார் என்று யாரும் நம்புவார்கள்.

காரை எடுக்கப் போனபோது சத்தம் அடங்கியிருந்தது. கியரும் மெத்தென்று விழுந்தது. கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டேன். “அதெல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டது சார்” என்றார். பில் என்று கொடுத்த துண்டுச் சீட்டில் ‘கியர் பாக்ஸ் ஓவர்ஹால், சாமான், கூலி’ என்று ஒரே வரி. எந்தச் சாமான், என்ன விலை என்று ஒரு விவரமும் இல்லை.

டிசம்பரில் பெற்றோருடன் ஏற்காட்டுக்குப் போய் ஓர் இரவு தங்கினோம். மறுநாள் காலைக் குளிரில் முதல் கியரும் இரண்டாவது கியரும் விழவே மறுத்தன. கையால் அழுத்திப் பிடித்துத் தள்ள வேண்டியிருந்தது. வண்டி சூடானதும் ஓரளவு இளகியது. இறங்கும் வழியில் ஒரு கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்னால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். இரண்டாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தப் பாதையில் இறங்கும்போது எஞ்சின்தான் வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. கியர் கழன்றால் மொத்தப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். தொடர்ந்து மிதித்தால் பிரேக் சூடாகிப் பிடிப்பை இழக்கும். ஓரமாக நிறுத்தி, பிரேக் ஆறும்வரை காத்திருந்து, பிறகு முதல் கியரிலேயே அடிவாரம் வரை ஊர்ந்து வந்தோம். அம்மா வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன்பிறகு வேறொரு பட்டறையில் இருக்கும் பெரியவரிடம் காரைக் காட்டினேன். அடியில் விளக்கைப் பிடித்து என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். கியர் பாக்ஸ் உறையின் போல்ட் தலைகளில் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கறுத்து இறுகியிருந்தன. “தம்பி, ஸ்பேனர் பட்டிருந்தால் இந்த முனைகள் பளபளவென்று இருக்கும். இதை யாரும் தொடவே இல்லை” என்றார். பிறகு வடிகால் போல்ட்டைத் திறந்து ஆயிலை விரலில் தொட்டு விரித்துக் காட்டினார். வெல்லப் பாகு போல நூலிழுத்தது. லாரி, டிராக்டர் பின் அச்சுக்கு ஊற்றும் 140 நம்பர் ஆயில்! அதற்குள் பொன் நிறத்தில் பித்தளைத் துகள்கள் மினுங்கின. தேய்ந்த சிங்க்ரோ ரிங்கிலிருந்து உதிர்ந்தவை அவை.

இந்தத் தந்திரத்தை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். கெட்டியான ஆயில் பற்களுக்கு நடுவே மெத்தை போல நின்று சத்தத்தை விழுங்கிவிடும். சேலத்து வெயிலில் அது இளகியே இருப்பதால் எதுவும் தெரியாது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், குளிர்ந்த காலையில், அதே ஆயில் இறுகிவிடும்; ரிங் அந்தப் படலத்தை அறுத்துக்கொண்டு கியரின் கூம்பைப் பிடிக்க முடியாது. நம்முடையதைப் போன்ற சிறிய பழைய கார்களுக்குப் பொதுவாக 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90 ஆயில், ஜிஎல்-4 தரத்தில் போதும். உங்கள் காரின் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றச் சொல்லுங்கள். சீல் வைத்த டப்பாவை உங்கள் கண்ணெதிரே திறக்க வேண்டும்.

பெரியவர் என் முன்னாலேயே பெட்டியை இறக்கிப் பிரித்தார். பழைய ரிங்கைக் கூம்பின் மேல் வைத்து அழுத்தினார். ரிங்குக்கும் கியருக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி அறவே இல்லை. இரண்டாவது கியரைப் பிடித்து நிறுத்தும் ஸ்லீவின் பற்களும் மழுங்கியிருந்தன. கியர் கழன்றதற்கு அதுவே காரணம். மாற்றிய சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார், நான் கேட்காமலே.

முதல் பட்டறைக்குப் போய்க் கேட்டபோது, “மலையில் ஓட்டத் தெரியாமல் ஓட்டினால் அப்படித்தான்” என்றார்கள். அந்த வார்த்தைக்குப் பிறகு பேச்சு எதற்கு? நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். செய்த வேலைக்குப் பில் கொடுக்காமல் இருப்பதையே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும்.

சமீபத்தில் கியர் பாக்ஸ் வேலை பார்த்திருந்தால் இன்றே காரின் அடியில் ஒரு டார்ச் அடித்து அந்தப் போல்ட் தலைகளைப் பாருங்கள். அழுக்கு அப்படியே இறுகியிருந்தால், யாரும் துடைப்பதற்கு முன்னால் தேதி தெரியும்படி புகைப்படம் எடுத்து வையுங்கள். என்னைப் போல ஏமாந்தவர்கள் அந்தப் படத்துடன் எழுதுங்கள். மனுவில் என்னென்ன சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.