கோழி முட்டையிடவில்லை என்று கூப்பிட்டேன், 18,500 ரூபா போய்விட்டது. கவனம்!

இதை எழுதும்போதும் ஆத்திரம் அடங்கவில்லை. நேற்றுத்தான் முழு உண்மையும் தெரிந்தது. 18,500 ரூபா. கொழும்பு மட்டக்குளியில் பின்வளவில் நான்கு கோழி வைத்திருக்கிற வீட்டுக்கு அது சின்னக் காசு இல்லை.

நான்கும் மண்ணிறப் பேடுகள். குஞ்சாக வாங்கி வளர்த்தவை, இப்போது ஒன்றரை வயது. ஒரு வருடமாக நாளுக்கு மூன்று முட்டை, சில நாள் நான்கும் கிடைத்தது. டிசம்பர் தொடக்கத்தில் குறைந்து, பத்து நாளில் அடியோடு நின்றுவிட்டது. நோய் என்று சொல்ல ஒன்றுமில்லை. தீன் தின்றன, மண்ணைக் கிளறின, எச்சமும் சரியாக இருந்தது. விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒளித்து இடுகின்றனவோ என்று தேடினேன், இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த அம்மா முற்றம் கூட்டும்போது சொன்னா, "பிள்ளை, உது இறகு கொட்டுற காலம். விடு, தானா இடும்." நான் கேட்கவில்லை.

வீட்டுக்கே வந்து கோழி பார்ப்போம் என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் போடுகிற ஒரு சேவையைக் கூப்பிட்டேன். பெயர் சொல்லவில்லை. கூப்பிட்ட அன்றே ஒரு தம்பி மோட்டார் சைக்கிளில் வந்தார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்ததாகச் சொன்னார். எங்களிடம் யாருக்கும் பிடிபடாத மூத்த பேட்டை ஒரே எட்டில் பிடித்து, இறக்கையை அணைத்து, நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டார். அது சத்தமே போடவில்லை. கொண்டையைத் தடவி, கண்ணைப் பார்த்து, "பாவம் அக்கா இது" என்றார். அந்த ஒரு சொல்லில்தான் நம்பிவிட்டேன்.

"முட்டைப் பை சோர்ந்து போச்சு அக்கா. பகல் வெளிச்சமும் இப்ப காணாது. டொனிக் குடுங்க, லைட் போடுங்க. பொங்கலுக்கு முன்னம் முட்டை வரும், நான் பொறுப்பு."

வந்து பார்த்ததற்கு 3,500. டொனிக் இரண்டு போத்தல் 8,500. விசேட லைட் 6,500. கூட்டிப் பாருங்கள், 18,500. ஒரு பைக்கற்றில் மஞ்சள் தூளும் தந்தார், அது இலவசமாம். பற்றுச்சீட்டு கேட்டேன், வட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். இன்றுவரை வரவில்லை.

இரண்டு கிழமை போனது, ஒரு முட்டையும் இல்லை. "வந்துடும் அக்கா, அவசரப்படாதீங்க." அடுத்த கிழமை, குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதாம், கிணற்றுத் தண்ணீர் கொடுக்க வேண்டுமாம். அப்புறம், பக்கத்து வீட்டு நாய்க்குப் பயந்திருக்குமாம். பிறகு, இன்னொரு தரம் டொனிக் எடுங்கள், 500 ரூபா குறைத்துத் தருகிறேன் என்றார். காசைத் திருப்பிக் கேட்ட அன்றிலிருந்து பதில் இல்லை. இப்போது அவருடைய படமும் தெரியவில்லை, என்னைத் தடுத்துவிட்டார்.

நேற்றுக் காலை வெறும் போத்தலைக் கழுவத் தண்ணீரில் ஊறவைத்தேன். ஸ்டிக்கர் கழன்று மிதந்தது. அதற்குக் கீழே இன்னொரு லேபல், சாதாரணக் கோழி விற்றமின். புறக்கோட்டையில் விசாரித்தேன், அதே போத்தல் 850 ரூபா. 4,250க்கு வாங்கியிருக்கிறேன்!

அங்கிருந்து நேரே அரசாங்க மிருக வைத்தியரிடம் ஒரு பேட்டைக் கொண்டுபோனேன். அவர் முதலில் கேட்டதே, "என்ன வயசு, இறகு கொட்டுதா?" கழுத்து இறகை விரலால் விலக்கிக் காட்டினார். தோல் முழுக்க வெள்ளை உறைக்குள் ஊசி ஊசியாகப் புது இறகுக் குருத்து. ஒன்றரை வயதில் பழைய இறகை உதிர்த்துப் புதிது முளைப்பது இயற்கை. இறகு பெரும்பாலும் புரதம், உடம்பு தின்பதையெல்லாம் அதற்கே செலவழிப்பதால் முட்டை நிற்கும். இரண்டு மூன்று மாதத்தில் மறுபடி இடும். அம்மா சொன்னதும் இதுதானே!

லைட்டும் வீண். நன்றாக முட்டையிட 14 மணிநேரத்துக்கு மேல் வெளிச்சம் இருந்தால் நல்லது, பண்ணைகளில் போடுகிறார்கள், அது உண்மைதான். ஆனால் கொழும்பில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணிநேரம்கூட வித்தியாசம் இல்லை. டிசம்பர் இருட்டால் முட்டை நின்றது என்பது நம் ஊருக்குப் பொருந்தாத கதை. இறகு கொட்டுகிற கோழிக்கு அந்த லைட் ஒன்றும் செய்யாது என்றார் வைத்தியர். இரவெல்லாம் அதை எரியவிட்டு என் கோழிகளைத் தூங்கவிடாமல் செய்திருக்கிறேன். அதுதான் எனக்குப் பெரிய வேதனை.

அவர் இன்னும் கேட்டவை: தீன் மாற்றினீர்களா, வெயிலில் தண்ணீர் தீர்ந்துபோனதா, ஏதாவது கூட்டை விட்டு எழும்பாமல் அடை கிடக்கிறதா, சிப்பி ஓடு வைக்கிறீர்களா, கீரியோ சாரைப்பாம்போ முட்டையைக் கொண்டுபோகிறதா. வீட்டுக்கு வந்த அந்தத் தம்பி இதில் ஒன்றையும் கேட்கவில்லை. ஒன்றைக்கூட!

விரிவாக எழுதலாம் என்றுதான் தொடங்கினேன், இப்போது முடியவில்லை. நுகர்வோர் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடப் போகிறேன். சுருக்கமாக, கோழியின் வயதைக் கேட்காமல் மருந்து சொல்கிறவரிடம் காசு கொடுக்காதீர்கள். மிருக வைத்தியர் என்றால் பதிவு இலக்கம் கேளுங்கள். பற்றுச்சீட்டு கையில் வராமல் பணம் அனுப்பாதீர்கள். பெயர் இல்லாத தூள் எதையும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அன்ரிபயோற்றிக்காக இருந்தால் அது முட்டையிலும் இறங்குமாம். அப்படி ஏதும் ஏற்கெனவே கொடுத்திருந்தால், பைக்கற்றோடு வைத்தியரிடம் போய்க் கேட்கும்வரை அந்த முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.